பென்சிலில் எழுத வேண்டிய சொல்

"எனக்குப் பைத்தியம், சார்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நான் இன்னும் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் கழித்து யோசித்துப் பார்த்தால், உண்மையிலேயே மனம் சிதைந்து என் எதிரே உட்கார்ந்தவர்களில் அப்படி அறிவித்துக்கொண்டு நுழைந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்கள், "எனக்கு ஒன்றும் இல்லை, எதற்காக இங்கே கூட்டி வந்தார்கள்?" என்றுதான் கேட்பார்கள். அன்று எனக்கு இரண்டாம் ஆண்டு. ஒருவர் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

அவருடைய அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து வீட்டின் மின்மீட்டர் பெட்டியை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கியதும், தடுக்க வந்தவரின் கையை உடைத்ததும் வழக்கு. வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இவர் இருக்கிறாரா என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. வழக்கம்போல முதலிலேயே விளக்கினேன்: நான் உங்களுக்குச் சிகிச்சை தருபவன் இல்லை, நீங்கள் சொல்வது எனக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும் நிற்காது, அறிக்கையாக நீதிமன்றத்துக்குப் போகும். தலையாட்டினார். பிறகு மடை திறந்தது.

மூன்று கறுப்புக் குள்ளர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் தன்னைச் சுற்றி வருகிறார்கள். ஆண் குரல் வலது காதில் மட்டும், பெண் குரல் இடது காதில் மட்டும். செவ்வாய்க்கிழமைகளில் சொந்தப் பெயர் மறந்துவிடும், புதன்கிழமை விடிந்ததும் திரும்பி வரும். இதையெல்லாம் அவர் தெளிவாக, வரிசையாக, நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார். ஓரிடத்தில் என் பேனா மக்கர் செய்தபோது தரையில் உருண்ட மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

எம்-ஃபாஸ்ட் என்று ஒரு சோதனை இருக்கிறது. ஹாலி மில்லர் என்ற உளவியலாளர் உருவாக்கி 2001இல் வெளிவந்தது. நேரில் கேட்கப்படும் 25 கேள்விகள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மொத்த மதிப்பெண் ஆறோ அதற்கு மேலோ போனால், இவர் மனநோயைப் பாசாங்கு செய்கிறாரா என்று விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அவருக்கு 14 வந்தது. எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்காமல் சொல்கிறேன்: மகிழ்ச்சி. குறுக்கெழுத்துப் புதிரில் கடைசிக் கட்டம் நிரம்பியதைப் போல இருந்தது. அன்று மாலையே அறிக்கையின் வரைவில், "இவர் மனநோயாளியாகப் பாசாங்கு செய்கிறார்" என்று பேனாவால் எழுதினேன்.

அந்த 25 கேள்விகளில் ஒன்றைக்கூட இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளை அதே கேள்விக்குப் பாடம் படித்துவிட்டு ஒருவர் வந்து உட்காருவார். அதனால் அடிபடப்போவது, பாடம் படிக்காமல் வந்த உண்மையான நோயாளி. ஆனால் கேள்விகள் எந்த நியாயத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லலாம். அது பாடநூல்களிலேயே இருக்கிறது.

மனநோயை நடிக்க நினைப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மனநோய் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மனநோய் எப்படி இருக்கும் என்று ஊரார் நினைக்கிறார்கள் என்பது மட்டுமே தெரியும். எனவே அவர் கூட்டிக் காட்டுவார். மனச்சிதைவில் மிக அபூர்வமாகவே தென்படும் அறிகுறிகளை எல்லாம் தனக்கு உண்டு என்பார். தனித்தனியே இயல்பான, ஆனால் ஒன்றாகச் சேர்ந்து வராத இரண்டு அறிகுறிகளுக்கும் ஆமாம் போடுவார். நோய் சுவிட்சைப் போட்டதுபோல வந்து, அணைத்ததுபோலப் போகும் என்பார். உண்மையில் மனப்பிரமை மெல்ல மெல்லத்தான் பிடிக்கிறது, மெல்ல மெல்லத்தான் விடுகிறது. அவர் வாயால் சொல்வதும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் காண்பதும் ஒட்டாது. கேள்வி கேட்பவர், "இந்த நோய் உள்ளவர்களுக்கு வழக்கமாக இதுவும் இருக்குமே" என்று ஒரு நூலை நீட்டினால், சட்டென்று அதையும் பிடித்துக்கொள்வார்.

அந்தக் கடைசி உத்திக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1979இல் அமெரிக்காவில் தொடர் கொலைகளுக்காகக் கைதான கென்னத் பியான்கி, கொலைகளைச் செய்தது தனக்குள் இருக்கும் 'ஸ்டீவ்' என்ற வேறொரு ஆள் என்றார். சில நிபுணர்கள் நம்பினார்கள். மனநல மருத்துவர் மார்ட்டின் ஆர்ன், ஹிப்னாடிசத்துக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டு வைத்தார்: இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு ஆளுமைகளோடு நிற்பது அபூர்வம், வழக்கமாக மூன்றாவது ஒன்றும் இருக்கும் என்று. சற்று நேரத்தில் 'பில்லி' வந்து சேர்ந்தார். பிற்பாடு பியான்கி பைத்தியக்காரர் என்ற வாதத்தைக் கைவிட்டுக் குற்றங்களை ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையைப் படித்த எந்த இளம் உளவியலாளருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. பொறி வைப்பதில் ஒரு போதை இருக்கிறது. ஆனால் பொறி வைத்தவர்களின் கதைகளில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, மிகப் பழைய ஒன்றை. டிராய் போருக்குப் போக விரும்பாத கிரேக்கப் புராணத்து அரசர் ஒடிசியஸ், பைத்தியம் பிடித்தவராக நடித்து, பொருந்தாத இரண்டு விலங்குகளை ஏரில் பூட்டி, வயலில் உப்பை விதைத்துக்கொண்டிருந்தாராம். சோதிக்க வந்த பாலமிடிஸ், ஒடிசியஸின் கைக்குழந்தையைத் தூக்கி ஏர்முனைக்கு முன்னால் கிடத்தினார். ஒடிசியஸ் ஏரைத் திருப்பினார், குட்டு வெளிப்பட்டது. கிரேக்கர்கள் இதைச் சாமர்த்தியத்தின் கதையாகச் சொன்னார்கள். எனக்கோ சோதனை தப்பு என்று தோன்றுகிறது. பைத்தியம் பிடித்த அப்பாவும் ஏரைத் திருப்பியிருப்பார். மனம் கலங்கியவருக்குக் குழந்தை தெரியாது என்று யார் சொன்னது? பாலமிடிஸின் கையில் இருந்ததும் மனநோயைப் பற்றி ஊரார் வைத்திருந்த படம்தான். நடிப்பவர் எந்தப் படத்தைப் பார்த்து நடிக்கிறாரோ அதே படத்தை வைத்துக்கொண்டு சோதிப்பவர் சோதித்தால், சோதனையில் மாட்டுவது யார் என்று சொல்ல முடியாது.

என் வரைவை மறுநாள் காலை மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த அம்மையார். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். படித்தார். 'பாசாங்கு' என்ற சொல்லுக்குக் கீழே மெல்லிதாக ஒரு கோடு போட்டார்.

"தம்பி, ராத்திரி வார்டில் இருந்தவரிடம் பேசினாயா?"

"இல்லை மேடம். மதிப்பெண் 14. ஆறு வந்தாலே..."

"ஆறு வந்தால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது?"

"விரிவாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறது."

"பார்த்தாயா?"

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்கிரீனிங் என்பது சலித்தெடுப்பது. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் என்று யாரும் சொல்வதில்லை. கையில் எடுத்து ஒரு தரம் பார்க்க வேண்டியது, அவ்வளவே. இந்தச் சல்லடைகளின் கண்கள் வேண்டுமென்றே நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நடிப்பவர் ஒருவரும் தப்பிவிடக் கூடாது என்பது நோக்கம். அதற்கு விலையாக, நடிக்காதவர்களும் கொஞ்சம் பேர் மேலே தங்குவார்கள். எத்தனை பேர் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில்தான் எனக்கு உறைத்தது. வாசகர்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வசதிக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு சோதனை, நடிப்பவர்களில் 100க்கு 90 பேரைப் பிடிக்கிறது என்போம். உண்மையான நோயாளிகளில் 100க்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது, 20 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. கேட்பதற்கு மோசமில்லை. இப்போது 1000 பேரை அதில் போடுங்கள். அவர்களில் 200 பேர் நடிப்பவர்கள் என்றால், பிடிபடும் நடிகர்கள் 180. மீதி 800 உண்மையானவர்களில் தவறாகப் பிடிபடுபவர்கள் 160. ஆக, சல்லடையில் தங்கிய 340 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். நடிப்பவர்கள் 1000க்கு 80 பேர்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம்: பிடிபட்ட 256 பேரில் 184 பேர் உண்மையானவர்கள். சோதனை மாறவில்லை, கேள்விகள் மாறவில்லை. கதவுக்கு வெளியே காத்திருக்கும் கூட்டம் மட்டுமே மாறியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நடிக்கிறார்கள் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2002இல் வைலி மிட்டன்பர்க்கும் உடனிருந்தவர்களும் அமெரிக்க நரம்பு உளவியலாளர்களிடம் அவர்கள் பார்த்த 33,531 வழக்குகளைப் பற்றிக் கேட்டுத் தொகுத்தார்கள். பாசாங்கோ மிகைப்படுத்தலோ இருக்கலாம் என்று அந்த நிபுணர்கள் மதிப்பிட்டது, குற்ற வழக்குகளில் 19 சதவீதம், நஷ்டஈட்டு வழக்குகளில் 29, வழக்கு எதுவும் இல்லாத சாதாரண மருத்துவத்தில் 8. இது நிபுணர்களின் மதிப்பீடு. நடித்தவர்கள் தாமே வந்து ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் குற்ற வழக்கில் வருபவர்களில் ஐந்தில் நான்கு பேர் நடிக்கவில்லை என்ற பக்கத்தை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

அதனால்தான் சலித்த பிறகு வேலை தொடங்குகிறது. ரிச்சர்ட் ராஜர்ஸும் அவருடைய சகாக்களும் 1992இல் கொண்டுவந்த சர்ஸ் என்ற நேர்காணலில் 172 கேள்விகள். எம்எம்பிஐ-2 என்ற ஆளுமைச் சோதனையில் 567 வாக்கியங்கள். அதற்குள் மிகைப்படுத்தலைக் கண்டறியும் தனி அளவுகோல்கள் சில உண்டு. அதோடு பழைய மருத்துவப் பதிவுகள், வீட்டாரின் பேச்சு, காவல்துறைக் குறிப்புகள். ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். மேலிடத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாரம் பிடிப்பதில்லை. பத்து நிமிடச் சோதனையைத் தீர்ப்பாக்கச் சொல்லி வரும் நெருக்கடிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, காத்திருப்போர் பட்டியல்தான்.

மறதியை நடிப்பவர்களுக்குத் தனி வகைச் சோதனைகள். அவற்றில் ஒரு வகையை மட்டும் நான் கொஞ்சம் நம்புகிறேன், காரணம் அதன் கணக்கு நேர்மையானது. 50 படங்களைக் காட்டுகிறோம். பிறகு ஒவ்வொரு படத்தையும் புதிய ஒன்றோடு சேர்த்து வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்கிறோம். டாம் டாம்பா உருவாக்கி 1996இல் வந்த டாம் (TOMM) சோதனை இப்படிப்பட்டது. நினைவே இல்லாதவர், கண்ணைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னாலும் ஏறக்குறைய 25 சரியாக வரும், நாணயம் சுண்டுவதைப் போல. ஒருவர் பத்துதான் சரியாகச் சொன்னார் என்றால்? அவ்வளவு தப்பாகச் சொல்ல வேண்டுமானால் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். மறந்தவரால் அப்படித் தோற்க முடியாது. ஆனால் இவ்வளவு அப்பட்டமாக யாரும் மாட்டுவது அபூர்வம். அதோடு, பிறவியிலேயே அறிவுத்திறன் குறைந்தவர்களும் முற்றிய மறதிநோய் உள்ளவர்களும் மற்ற வகைச் சோதனைகளில் 'நடிப்பவர்' பக்கம் விழுந்துவிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிப் பழகிய ஒருவரிடம், "இதுவும் இருக்குமே" என்று நூலை நீட்டினால் அவர் ஏன் பிடிக்க மாட்டார்? வாழ்நாள் முழுக்க அப்படித்தானே அடி வாங்காமல் தப்பித்திருக்கிறார்.

மொழியும் ஒரு தொல்லை. பெரும்பாலான சோதனைகள் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழ் பேசுபவர் "தலை வெடித்துவிட்டது, சார்" என்பார், "நெஞ்சுக்குள் நெருப்பை அள்ளிக் கொட்டியது" என்பார், "அன்றைக்கே நான் செத்துவிட்டேன்" என்பார். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, 'விசித்திர அறிகுறி' என்ற கட்டத்தில் குறியிட்டால், துக்கம் தாளாமல் பேசுகிற எவரும் பெரிய நடிகராகிவிடுவார். ஒருமுறை ஒரு மொழிபெயர்ப்பாளர், "தான் இறந்துவிட்டதாக நம்புகிறார்" என்று எழுதித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் சொன்னது, மகன் போன நாளில் தானும் போய்விட்டதாக.

மேடம் சொன்னதைக் கேட்டு அன்று இரவு வார்டுக்குப் போனேன். இரவுப் பணியில் இருந்த உதவியாளர் நடுத்தர வயதுக்காரர், நான் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக யோசித்துப் பதில் சொன்னார். தனியே பேசிக்கொள்கிறாரா? இல்லை. குள்ளர்களைப் பார்த்து ஒதுங்குகிறாரா? குள்ளர்களா, எந்தக் குள்ளர்கள்? சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். செவ்வாய்க்கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா? திரும்புகிறார். என் வரைவு சரி என்ற நிம்மதியோடு நான் எழுந்தபோது அவர் தானாகச் சொன்னார்:

"ஆனால் சுவர்ப் பக்கம் படுப்பதே இல்லை, சார்."

கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டுக்கொள்கிறாராம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சுவிட்ச் பலகையின் மேல் ஈரத்துணியைப் போடப் போவாராம். ஷாக் அடிக்கும் என்று உதவியாளர் துணியைப் பிடுங்கிய இரவில், விடியும்வரை இரண்டு கையாலும் தாடையைப் பொத்திக்கொண்டு அறை நடுவில் நின்றாராம். யாரும் பார்க்காதபோது. "பல்வலி என்று நினைத்து மாத்திரை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்" என்றார் உதவியாளர்.

நடிப்பு களைப்பூட்டும் வேலை. பார்வையாளர் இல்லாத நேரத்தில் யாரும் நடிப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். மனச்சிதைவைப் பாசாங்கு செய்பவர்கள் குரல்களையும் உருவங்களையும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், ஆனால் நாள் முழுக்க முகம் மரத்துக் கிடப்பதையும், தூக்கம் கெடுவதையும், பேச்சு கோர்வை இழப்பதையும் தக்கவைக்க அவர்களால் முடியாது. நான் அந்தப் பாடத்தை ஒரு திசையில் மட்டுமே படித்திருந்தேன். யாரும் பார்க்காதபோது அறிகுறி மறைந்தால் பொய் என்று. யாரும் பார்க்காதபோது அறிகுறி *தோன்றினால்* என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அவரிடம் குள்ளர்களைப் பற்றிக் கேட்கவில்லை. பல்லைப் பற்றிக் கேட்டேன்.

நீண்ட நேரம் என்னையே பார்த்தார். முதல் நாள் அருவியாகக் கொட்டியவர் இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டி தன்னைக் கணக்கெடுக்கிறது. தான் நினைப்பது ஒவ்வொன்றும் அதில் ஒரு யூனிட்டாக ஓடுகிறது. மின்சாரம் சுவர் வழியாக வந்து கடைவாய்ப் பல்லில் இறங்குகிறது, இரண்டு ஆண்டுகளாக. முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது, பிறகு கவனித்துக் கவனித்து உறுதியானது. அதைத் தாங்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஈரத்துணி, நடு அறை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவது, உப்புத் தண்ணீர். நோயோடு நாள்கணக்கில் குடித்தனம் நடத்தியவரிடம் மட்டுமே இப்படிப்பட்ட சின்னச் சின்ன உபாயங்கள் இருக்கும். முதல் நாள் குரல்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, அவரிடம் பதிலே இல்லை.

"இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?"

"அன்றைக்கு நீங்கள் நோயைப் பற்றி அல்லவா கேட்டீர்கள்? இது நோய் இல்லை, சார். இது நடக்கிறது."

குள்ளர்களையும் செவ்வாய்க்கிழமையையும் சொல்லிக் கொடுத்தது, சிறையில் கூட இருந்த ஒருவர். பைத்தியம் என்று எழுதி வாங்கிவிட்டால் வெளியே வரலாம், வெளியே வந்தால் மீட்டரைப் பற்றி மேலதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம் என்பது இவருடைய திட்டம். பொய்யான நோயைப் பாடம் பண்ணி ஒப்பித்திருக்கிறார். மெய்யான நோயை நோய் என்று அவர் நினைக்கவே இல்லை.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது அந்தப் பழமொழிக்குத் தெரியாது: நாள்கணக்கில் தூக்கம் வராமல், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கிடப்பவர். நடிக்கிறாரா என்று கேட்டால் ஆமாம். உடம்புக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டால், அது வேறு கேள்வி.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதுதான் எங்கள் தொழிலின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் என்ற அமெரிக்கக் கையேட்டில் பாசாங்கு மனநோயாகவே கணக்கில் வராது. வெளி ஆதாயத்துக்காக வேண்டுமென்றே அறிகுறிகளைப் புனைவது அல்லது மிகைப்படுத்துவது என்றுதான் விளக்கம். எப்போது சந்தேகிக்க வேண்டும் என்று அதே கையேடு நான்கு அடையாளங்கள் சொல்கிறது. முதலாவது, சட்டம் சம்பந்தப்பட்ட சூழல், உதாரணமாக வழக்கறிஞர் அனுப்பியிருப்பது. என் அறைக்கு வேறு யார் அனுப்புவார்கள்? இன்னொன்று, சமூக விரோத ஆளுமை. சிறையிலிருந்து வருபவர்களில் அந்தப் பெயர் சூட்டப்படாதவர் கொஞ்சம். ஒத்துழைக்காமை மற்றொன்று, பல்லில் மின்சாரம் இறங்குகிறவர் எப்படி ஒத்துழைப்பார்? வாசலிலேயே இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு உள்ளே கூப்பிடுவதுபோல இருக்கிறது. இந்த அடையாளங்களை மட்டும் நம்பினால் தவறாகப் பிடிபடுவோர் ஏராளம் என்று ராஜர்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்.

ஏமாறவே மாட்டோம் என்ற கர்வத்துக்கும் எனக்கு இடமில்லை. நியூயார்க் மாஃபியா தலைவர் வின்சென்ட் ஜிகான்டே பல பத்தாண்டுகள் குளியல் அங்கியும் செருப்புமாகத் தெருவில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். பெயர்பெற்ற மனநல மருத்துவர்கள் அவரை நோயாளி என்று சான்றளித்தார்கள். 2003இல் நீதிமன்றத்தில், எல்லாம் ஏமாற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தச் சோதனைகள் தேவைப்படுகின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ஜிகான்டேயின் கதையைக் கேட்டவர், அடுத்த பத்துப் பேரையும் குளியல் அங்கியோடுதான் பார்ப்பார்.

1973இல் டேவிட் ரோசன்ஹான் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சாட்சியாக அடிக்கடி சொல்லப்படும். மனநோய் இல்லாத எட்டுப் பேர் குரல் கேட்பதாகச் சொல்லி மருத்துவமனைகளில் சேர்ந்துவிட்டார்கள் என்ற முதல் பாதிதான் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில், எங்களிடம் அது நடக்காது என்று சவால்விட்ட ஒரு மருத்துவமனைக்குப் போலி நோயாளிகளை அனுப்பப்போவதாக ரோசன்ஹான் அறிவித்தார். அங்கே வந்த 193 நோயாளிகளில் 41 பேரைப் போலி என்று ஊழியர்களில் ஒருவராவது உறுதியாகச் சந்தேகித்தார்கள். ரோசன்ஹான் ஒருவரையும் அனுப்பவில்லை. அருமையான கதை. அருமையாக இருப்பதுதான் சிக்கல்: அந்தக் கட்டுரையின் விவரங்கள் பலவற்றை 2019இல் ஒரு பத்திரிகையாளரின் விசாரணை கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. பாசாங்கைப் பற்றிய ஆய்விலேயே பாசாங்கு! நான் இதை வகுப்புகளில் சொல்வதை நிறுத்திவிட்டேன்; சொல்லும்போது எனக்குக் கிடைத்த கைதட்டல்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது.

இதைவிட எனக்குப் பயன்பட்டவர் ஜெர்மன் மருத்துவர் சிக்பர்ட் கான்சர். 1898இல் அவர் சில கைதிகளைப் பற்றி எழுதினார். எளிய கேள்விகளுக்குக்கூட மயிரிழையில் தப்பான பதில் சொல்பவர்கள் அவர்கள்; நாலு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐந்து என்பார்கள். கேள்வி புரிந்திருக்கிறது, விடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது, ஆனாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கான்சர் இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடவில்லை, நோயாகவே கருதினார். நூற்றாண்டு கடந்தும் வாதம் ஓயவில்லை. தெரிந்தே செய்வதற்கும் தெரியாமல் வருவதற்கும் நடுவில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது, அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை அவர் அப்போதே கண்டிருந்தார்.

கோப்பில் ஏறிய சொல் இறங்குவதில்லை. வேறு எந்த நோயின் பெயரைத் தவறாக எழுதினாலும், அடுத்து வருபவர் பரிசோதித்துத் திருத்துவார். 'பாசாங்கு' என்று எழுதிவிட்டால், அடுத்து வருபவர் பரிசோதிக்கவே மாட்டார். நோயாளி சொல்வது எல்லாமே அந்தச் சொல்லுக்குச் சாட்சியாகிவிடும். சட்டத்திலும் அதற்கு எடை உண்டு: விசாரணைக்குத் தகுதியற்றவராக நடித்தவருக்குத் தண்டனையைக் கூட்டியது செல்லும் என்று 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதனால் நான் இப்போதெல்லாம் அந்தச் சொல்லை மிகக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறேன். "இன்ன அறிகுறிகள் உண்மையல்ல என்று கருத இன்ன ஆதாரங்கள்" என்று எழுதுகிறேன். நோக்கத்தைப் பற்றிப் பெரும்பாலும் எழுதுவதில்லை. நோக்கத்தை அளக்கும் கருவி எதுவும் என் அலமாரியில் இல்லை.

அந்த அறிக்கையைத் திரும்ப எழுத எட்டு நாள் ஆயிற்று. குள்ளர்கள், காதுக்கொரு குரல், செவ்வாய்க்கிழமை ஆகியவை புனைவு என்று ஒரு பத்தி. பல்லும் மீட்டரும் இரண்டு ஆண்டுகளாக நிலைத்திருக்கும் மருட்சி என்று ஐந்து பத்திகள். முதல் பத்தியை விட்டுவிடலாமா, அது அவருக்கு எதிராகப் போகுமே என்று மேடத்திடம் கேட்டேன். "நடந்ததை எழுது" என்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதல் பத்தியை உரக்கப் படித்தார், எதிர்த் தரப்பு மீதி ஐந்தையும். நீதிபதி இரண்டு தரப்பையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே முழுவதையும் படித்தார். சிகிச்சைக்கு அனுப்பினார்.

போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அவரைப் பார்த்தேன். என்னிடம் கேட்க ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

"முதல் நாள் ஒரு பரீட்சை வைத்தீர்களே, சார், அதில் எனக்கு எத்தனை மார்க்?"

மதிப்பெண் சொல்லும் வழக்கம் இல்லை என்றேன்.

"பாஸா, ஃபெயிலா? அதையாவது சொல்லுங்கள்."

நான் கோப்பை மூடுவதுபோல எதையோ செய்துகொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு எழுந்தார். கதவை நெருங்கியதும் பக்கவாட்டில் திரும்பி, தோளைக் குறுக்கி, சுவிட்ச் பலகை இருந்த சுவரில் உடம்பு படாமல் வெளியே போனார்.